நாலு வழிச்சாலையில் பசித்த மருமகனுக்கு

வா மருமவனே, இப்படித் திண்ணையில உட்காரு. உன் அத்தை எல்லாத்தையும் சொல்லிட்டா. விடியக்காலம் பெங்களூர்ல கிளம்பி, ஓசூர், சேலம், கரூர், திண்டுக்கல்னு 44-ம் நம்பர் ரோட்டுல ஒரே மிதியா மிதிச்சு வந்தியாமே. மதுரை தாண்டினதும் பிள்ளைக பசிக்குதுன்னு அழ ஆரம்பிச்சுச்சாம். நீயும் ரோட்டோரம் இருக்கிறதுலயே பெரிய ஓட்டலாப் பார்த்து வண்டியைத் திருப்பினியாம். வாசல்ல தண்ணி பீச்சுற குழாய், உள்ள ஏ.சி., சுவர் பூரா கண்ணாடி, பலகையில சவுத் இந்தியன், நார்த் இந்தியன், சைனீஸ், தந்தூரின்னு நாலு வரி. படிச்ச பிள்ளை, பலகையைப் படிக்கத் தெரியாமலா போகும்? படிச்சிருக்க. படிச்சதை நம்பியும் இருக்க.

முக்கா மணி நேரம் கழிச்சு வந்த பனீர் பட்டர் மசாலா ஓரத்துல கொதிச்சுக்கிட்டும் நடுவுல ஜில்லுன்னும் இருந்துச்சாம். நாணைப் பிய்க்க உன் வீட்டுக்காரிக்கு ரெண்டு கை பத்தாம உன் கையையும் துணைக்குக் கூப்பிட்டாளாம். சின்னவனுக்கு ஒரு வெறும் தோசை கேட்டிருக்க. அது நீங்க கை கழுவப் போற நேரத்துக்கு வந்து சேர்ந்துச்சாம். தண்ணி கேட்டா பாட்டில்தான்னு சொல்லிட்டானாம். பில்லு 2,140 ரூபா. கல்லாவுல இருந்தவர், "சாப்பாடு எப்படி சார் இருந்துச்சு?"ன்னு கேட்டிருக்கார். அதுக்கு நீ என்ன சொன்ன?

"சூப்பர்"னு சொல்லியிருக்க.

சொல்லிட்டு வண்டியில ஏறி, சாத்தூர் தாண்டி நம்ம ஊர் வந்து சேர்ற வரைக்கும் அந்த ஓட்டலைத் திட்டிக்கிட்டே வந்திருக்க. கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு, ஏ.சி.யைப் போட்டுக்கிட்டு, அவன் காதுல விழாத தூரத்துல. அந்தச் சூப்பருக்காகத்தான் உன்னை உட்கார வச்சிருக்கேன். நாணு வேகாதது அவன் கைப்பிழை. வேகாத நாணுக்கு நீ சான்றிதழ் கொடுத்தது யார் பிழை?

அந்த முதலாளியை நான் குறையே சொல்ல மாட்டேன். அவன் கணக்கு ரொம்பச் சுத்தம். காஷ்மீர்ல ஸ்ரீநகர்ல ஆரம்பிச்சு கன்னியாகுமரியில முடியுது அந்த 44-ம் நம்பர் ரோடு. இந்தியாவுலயே நீளமான தேசிய நெடுஞ்சாலை அதுதான். அதுல போறவன் எவனும் நாளைக்கும் அதே வேளைக்கு அதே டேபிள்ல வந்து உட்காரப் போறதில்ல. இன்னைக்கு நீ, நாளைக்கு இன்னொருத்தன், நாளை மறுநாள் திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போற ஒரு வேன் கூட்டம். ஒரு தரம் வர்றவனுக்குப் பலகை போதும் மருமவனே. தினம் வர்றவனுக்குத்தான் குழம்பு வேணும். அவன் காசைப் பலகையிலயும் நீரூற்றுலயும் போட்டுட்டான். சமையல்கட்டுல போட மிச்சம் இல்ல. இதுல அவன் மேல கோபப்பட என்ன இருக்கு?

நம்ம முக்குக் கடை பரோட்டாக்காரனைப் பாரு. அவனை நல்லவன்னு நினைச்சிராத. என்கிட்ட வாங்கின மூவாயிரத்தை மூணு பொங்கலா இழுத்தடிக்கிறான். ஆனா சால்னாவுல உப்பு ஒரு கல்லு கூடினா அவனுக்குத் தூக்கம் வராது. ஏன்? காலையில ரேஷன் கடை வரிசையில என் பின்னாடி நிக்கணும். சாயங்காலம் சாவு வீட்டுல எனக்கு எதுக்க உட்காரணும். கோயில் கொடைக்கு வரி பிரிக்கப் போனா என் கூடத்தான் வரணும். எங்க போனாலும் எவனாவது ஒருத்தன், "என்னப்பா, நேத்து சால்னா கடல்ல மொண்டதா?"ன்னு கேட்டுருவான். அந்தப் பயத்துலதான் அவன் கை அளவாப் போடுது. கைப்பக்குவம், பாரம்பரியம்னு பத்திரிகையில எழுதுறாங்களே, அதுல பாதி இந்தப் பயம்தான்.

அதனால முதல் புத்தி கேட்டுக்கோ. ஓட்டல் வாசல்ல கார் எத்தனை நிக்குதுன்னு எண்ணாத. அந்தக் காரெல்லாம் உன்னை மாதிரியே முன்னாடி நின்ன காரைப் பார்த்து நின்னது. முதக் கார் ஏன் நின்னுச்சுன்னா, டிரைவருக்கு ஒண்ணுக்கு வந்திருக்கும். நீ எண்ண வேண்டியது டூ வீலரை. விருதுநகர் மாவட்டத்துக்குள்ள வந்துட்டா டி.என். 67 நம்பர் போட்ட வண்டி நாலு நிக்குதா, அதுல ஒண்ணுல பால்கேன் தொங்குதா, இறங்கிரு. உள்ளூர்க்காரன் காசு கொடுத்து உட்காருற இடம் அது. வேட்டியை மடிச்சுக் கட்டினவன் ஒருத்தன் சப்ளையர்கிட்ட அதிகாரமா, "ஏ, அந்தக் குழம்பை இங்க ஊத்து"ன்னு கத்திக்கிட்டிருந்தா இன்னும் விசேஷம். கத்துறவன் இருக்கிற கடையிலதான் சாப்பிடணும். எல்லாரும் போனைப் பார்த்துக்கிட்டு மரியாதையா உட்கார்ந்திருக்கிற கடையில மரியாதை மட்டும்தான் கிடைக்கும். உனக்கு அதுவும் கிடைக்கல.

கார் வச்சிருக்கிற உனக்காவது திருப்புறதுக்கு ஸ்டியரிங் இருக்கு. என்னை மாதிரி பஸ்ல போறவன் பாட்டைக் கேளு. ராத்திரி ஒரு மணிக்கு, நல்ல தூக்கத்துல, திடீர்னு லைட்டைப் போடுவான். வெளியில ஒரு பய பஸ் தகரத்தைப் பட்டுபட்டுன்னு அடிச்சு, "வண்டி பத்து நிமிஷம் நிக்கும், டீ காபி டிபன் சாப்பிடுறவங்க சாப்பிடலாம்"னு கத்துவான். இறங்கினா ஸ்பீக்கர்ல பாட்டு காதைக் கிழிக்கும். அந்த நேரத்துல யாருக்கு டூயட் வேணும்? டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தனி அறை, தனி இலை, காசு கிடையாது. நமக்கு ஒண்ணுக்குப் போகவும் காசு. தோசைன்னு கேட்டா ஏற்கெனவே வார்த்து அடுக்கின தோசை. டீயில சீனி மட்டும் சூடா இருக்கும். அங்க பசிக்காக எவனும் நிக்கிறதில்ல. பஸ் நிக்குது, அதனால நிக்கிறோம். பஸ் எங்க நிக்கணும்கிறதைப் பஸ்ல உட்கார்ந்திருக்கிறவன் தீர்மானிக்கிறதில்ல. இதுல ருசி எங்கேருந்து வரும்?

சரி, உன் கதைக்கு வாரேன். மெனு கார்டு பதினாறு பக்கமாமே. அதைப் பார்த்ததும் நீ எந்திரிச்சிருக்கணும். பதினாறு பக்கத்துல இருக்கிற ஐட்டத்தை எல்லாம் கேட்டவுடனே ஆக்கிப் போடணும்னா, உள்ள நம்ம ஊர்க் கொடைக்கு வர்ற கூட்டம் அத்தனையும் கரண்டி பிடிச்சு நிக்கணும். உள்ள நிக்கிறது அஞ்சாறு பேரு. அப்போ என்ன செய்வான்? கோவில்பட்டியில பெரிய ஓட்டல் ஒண்ணுல மாஸ்டரா இருந்த என் சேக்காளி மகன் சொன்னதைச் சொல்றேன். காலையிலேயே மூணு அண்டாவுல மூணு கிரேவியை ஏத்திருவாங்களாம். தக்காளியும் வெங்காயமும் அரைச்சது ஒண்ணு, சிவப்பு. வெங்காயம், முந்திரி போட்டது ஒண்ணு, வெள்ளை. வெங்காயத்தை முறுக வதக்கினது ஒண்ணு, பழுப்பு. முந்திரி விலை ஏறிருச்சுன்னா அதுல பாதி தர்பூசணி விதையா மாறிரும். நீ பட்டர் மசாலான்னு கேட்டா சிவப்பு அண்டாவுல ஒரு கரண்டி மொண்டு மேல வெண்ணெய். கடாய் பனீர்னு கேட்டா அதே கரண்டியில குடைமிளகாய். டிக்கா மசாலான்னா கொஞ்சம் கருக்கினது. நீ மூணு ஐட்டம் கேட்டு மூணையும் மாத்தி மாத்தித் தொட்டுத் தின்னியாம். ஒரு தாய் பெத்த மூணு பிள்ளைகளை மூணு வீட்டுல பொண்ணு பார்த்துட்டு வந்திருக்க.

அண்டா கிரேவி ஒண்ணும் குத்தமில்ல, எல்லாப் பெரிய ஓட்டல்லயும் அதுதான் வழக்கம். கேள்வி என்னன்னா, அந்த அண்டா இன்னைக்கு ஏத்தினதா, நேத்து ஏத்தினதா? சூடா வச்சுப் பரிமாறுற பண்டம் 60 டிகிரிக்குக் கீழ இறங்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்புத் துறைக்காரங்க விதி எழுதி வச்சிருக்காங்க. உன் தட்டுல ஓரம் கொதிச்சு நடு ஜில்லுன்னு இருந்துச்சே, அது பிரிட்ஜ்ல இருந்து எடுத்து மைக்ரோவேவ்ல தள்ளினதுக்கு அத்தாட்சி. நீ அதைக் கரண்டியால கலக்கி, சூட்டைச் சரிசமமாப் பங்கிட்டுத் தின்னுருக்க. பெரிய மனசு.

பெரிய மனுசன் நீ சைனீஸும் கேட்டிருக்க. இந்த மஞ்சூரியனைக் கொல்கத்தாவுல பிறந்த சீன வம்சாவளிக்காரர் ஒருத்தர், நெல்சன் வாங்னு பேரு, 1975-ல பம்பாய் கிரிக்கெட் கிளப்புல நம்மாளு நாக்குக்காக ஆக்கினார்னு சொல்றாங்க. சீனாக்காரனுக்கே தெரியாத சைனீஸ். அது போகட்டும், ருசியா ஆக்கினா எந்த ஊர்க்காரன் கண்டுபிடிச்சா நமக்கென்ன? ஆனா விருதுநகருக்குப் பக்கத்துல, பகல் மூணரை மணிக்கு, அது எத்தனை பேருக்கு விக்கும்? நீ கேட்ட பிறகுதான் அந்த சாஸ் பாட்டில் மூடியையே தேடியிருப்பான். நிறம் மட்டும் பளபளன்னு இருந்துச்சாம். உங்க கர்நாடகத்துலயே 2024 மார்ச்சுல கோபி மஞ்சூரியன்ல செயற்கை நிறம் போடக் கூடாதுன்னு அரசாங்கம் தடை போட்டுச்சு. அதைப் பெங்களூர்ல உட்கார்ந்து பேப்பர்ல படிச்சுட்டு, இங்க வந்து காசு கொடுத்துத் தின்னுட்டுப் போற.

அடுத்த தடவை மெனு கார்டைத் தொடாத. கொண்டு வந்து வச்சா விசிறிக்கோ. சப்ளையர்கிட்ட, "தம்பி, இன்னைக்கு எது ஓடுது?"ன்னு மட்டும் கேளு. மதியம் பன்னெண்டரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல சாப்பாடு ஓடும். மூணு மணிக்கு மேல சாப்பாடு கேட்டா அடிச்சட்டிதான் வரும். நம்ம பக்கத்துல பரோட்டாக் கல்லு காயறது சாயங்காலம். விருதுநகர்ல பொரிச்ச பரோட்டா திங்கணும்னா பொழுது சாயற நேரத்துக்கு வந்து சேர்ற மாதிரி கிளம்பியிருக்கணும். மூணரை மணிக்கு எதுவும் ஓடாது. அப்போ இட்லியும் டீயும் சாப்பிட்டுட்டு வாயைக் கட்டணும். பசியில இருக்கிற பிள்ளைகளுக்கு ஆவி பறக்கிற இட்லியை விட எந்த தந்தூரி உசத்தி?

இன்னொண்ணு கேள்விப்பட்டேன். அந்த ஓட்டல் வாசல் கடையில எங்களுக்குக் கொடுக்கன்னு கோவில்பட்டி கடலை மிட்டாய் நாலு பாக்கெட் வாங்கிட்டு வந்திருக்க. மருமவனே, நீ வந்துக்கிட்டிருந்தது எந்த ஊருக்கு? 2020-ல புவிசார் குறியீடு வாங்கின மிட்டாயை, அந்தக் குறியீட்டுக்குள்ளேயே குடியிருக்கிற மாமனுக்கு, குறியீட்டுக்கு வெளியில இருந்து வாங்கிட்டு வந்த ஒரே ஆளு நீதான். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். எங்க செஞ்சதுன்னு எழுத்து அழிஞ்சு கிடக்கு. உன் அத்தை ஒண்ணும் சொல்லாம உள்ள வச்சுட்டா. உன் மேல பாசம்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வாரேன். எனக்கு உன் மேல மெய்யாவே வருத்தம் இங்கதான். அந்த சப்ளையர் பையனைக் கண்டபடி திட்டினியாமே. உன் வீட்டுக்காரியே சொல்லிச்சு. அந்தப் பையன் யாரு? அசாமோ, பீகாரோ, ஒடிசாவோ. தமிழ்ல அவனுக்குத் தெரிஞ்சது பத்து வார்த்தை. அதுல ஏழு நம்ம திட்டு. காலையில ஏப்ரன் கட்டினவன் ராத்திரிதான் அவுப்பான். டேபிள் துடைக்கிறதும் அவன், ஆர்டர் எடுக்கிறதும் அவன், தண்ணி ஊத்துறதும் அவன். ஆறு ஆளு பார்க்கிற வேலைக்கு ரெண்டு ஆளைப் போட்டது அவனா? பழைய கிரேவியை மைக்ரோவேவ்ல தள்ளச் சொன்னது அவனா? அவன்கிட்ட எகிறிட்டு, இது எல்லாத்தையும் தீர்மானிச்ச மனுசன் கல்லாவுல சந்தனப் பொட்டோட சிரிச்சு, "எப்படி சார்?"னு கேட்டதும் சூப்பர்னு சொல்லிட்டு வந்திருக்க. கீழ இருக்கிறவனுக்குக் காரம், மேல இருக்கிறவனுக்கு இனிப்பு. நல்ல பந்திமுறை.

ஓட்டல்ல மரியாதை குறைஞ்சு போச்சு, அந்தக் காலத்துல எப்படி உபசரிப்பாங்க தெரியுமான்னு சில பெருசுக பேசும். நானும் பெருசுதான், ஆனா அதை ஒத்துக்க மாட்டேன். அந்தக் காலத்துக் கிளப்புக் கடையில பலகையிலேயே இன்ன சாதிக்காரன் நடத்துறதுன்னு எழுதியிருக்கும். 'பிராமணாள்'ங்கிற அந்த எழுத்தை எடுக்கச் சொல்லி 1957-ல மெட்ராஸ் திருவல்லிக்கேணியில பெரியார் ஆளுக ஒரு ஓட்டல் முன்னாடி மாசக்கணக்குல மறியல் பண்ணினாங்க. மெட்ராஸ் வரைக்கும் எதுக்கு? நம்ம ஊர் டீக்கடையிலேயே சிலருக்குக் கண்ணாடி கிளாஸ், சிலருக்குச் சிரட்டையோ தனி டம்ளரோன்னு இருந்ததை நான் கண்ணால பார்த்திருக்கேன். காசு ஒரே காசு. யாருக்கு உபசரிப்பு, யாருக்கு உதாசீனம்னு அப்போ பிறப்பை வச்சுப் பிரிச்சான். இப்போ இவன் எல்லாரையும் ஒரே மாதிரி உதாசீனம் பண்றான். அந்த வகையில உன் ஓட்டல்காரன் சமத்துவவாதி. இதைச் சொன்னா என் வயசுக்காரங்க முகத்தைத் திருப்பிக்கிறாங்க. திருப்பிக்கட்டும்.

குறை சொல்றதுக்கு ஒரு நேரம் இருக்கு மருமவனே. முதல் வாய் வச்சதும் சொல்லணும். ரெண்டாவது வாயில தட்டைத் தள்ளி வச்சிரணும். முக்கால் தட்டைக் காலி பண்ணி, கிண்ணத்தை விரலால வழிச்சுட்டு, பிறகு நல்லா இல்லைன்னா எந்த நீதிபதியும் சிரிச்சிருவார். பையன்கிட்டக் கத்தாத. "தம்பி, முதலாளியை வரச் சொல்லு"ன்னு தன்மையாச் சொல்லு. வரலைன்னா தட்டைக் கையில எடுத்துக்கிட்டு நீயே கல்லாவுக்குப் போ. அங்க பார்சலுக்கு நாலு பேர் நிப்பான் பாரு, அவங்க காதுல விழுற அளவுக்கு, அதுக்கு மேல ஒரு துளி சத்தம் இல்லாம, "அண்ணாச்சி, இதைத் தொட்டுப் பாருங்க, நடுவுல ஜில்லுன்னு இருக்கு. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?"ன்னு கேளு. சண்டை போட்டா அவன் திருப்பிச் சண்டை போடுவான், அதுல அவனுக்குப் பழக்கம் ஜாஸ்தி. யோசனை கேட்டா அவனால ஒண்ணும் செய்ய முடியாது. பார்சலுக்கு நிக்கிறவன்ல ஒருத்தன் மெதுவா நகருவான். அந்த ஒருத்தனுக்குத்தான் அவன் பயப்படுவான். உனக்கு இல்ல.

இதெல்லாம் சின்ன விஷயம், போனாப் போகுதுன்னு நினைக்கிற பாரு, உனக்கு விழுப்புரத்து ஊறுகாய்க் கதை தெரியாது. 2022 நவம்பர்ல ஒரு மனுசன், செத்துப் போன உறவுக்காரர் நினைவா வயசானவங்களுக்குக் கொடுக்கன்னு 25 பார்சல் சாப்பாடு வாங்கினார். ஒண்ணு 80 ரூபா. ஓட்டல்காரர் இன்னின்ன ஐட்டம்னு சொல்லி 2,000 ரூபா வாங்கிட்டார். கொண்டு போய்ப் பிரிச்சா எதுலயும் ஊறுகாய் இல்ல. நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப? சூப்பர்னு சொல்லியிருப்ப. அவர் திரும்பிப் போய், ஊறுகாய் ஒண்ணு ஒரு ரூபா, 25 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கன்னு கேட்டார். கொடுக்கல. நேரா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனார். 2024-ல தீர்ப்பு வந்துச்சு. மன உளைச்சலுக்கு 30,000 ரூபா, வழக்குச் செலவுக்கு 5,000 ரூபா, ஊறுகாய்க்கு 25 ரூபா. பார்த்தியா, அந்த 25 ரூபாயையும் ஆணையம் மறக்கல.

கேட்டப்பவே 25 ரூபாயைக் கொடுத்திருந்தா அந்த ஓட்டல்காரருக்கு வேலை முடிஞ்சிருக்கும். ஒரு ஊறுகாயை மிச்சம் பிடிக்கிற மூளை இருந்துச்சு, ஒரு மன்னிப்பைச் செலவழிக்கிற மூளை இல்ல. அந்த ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் உள்ள கணக்குக்குக் கட்டணமே கிடையாது தெரியுமா? வக்கீல் வைக்கணும்னும் அவசியமில்ல. அதுக்கு முன்னாடி ஒரு போன் அடிச்சுப் பார்க்கணும்னா 1915, நுகர்வோர் உதவி எண். ஆனா கையில பில்லு வேணும். நீ பில்லை என்ன பண்ணின? கை துடைச்சுட்டுப் போட்டுட்டியாம். டிஷ்யூ பேப்பர் வைக்காதது அவனுக்கு எவ்வளவு உதவியாப் போச்சு பாரு.

பில்லை வாசிக்கவும் கத்துக்கோ. மேல 14 இலக்கத்துல உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கணும், 2022 ஜனவரியில இருந்து அது கட்டாயம். சாதாரண ஓட்டல்ல ஜி.எஸ்.டி. 5 சதவீதம், மத்திய அரசுக்கு ரெண்டரை, மாநிலத்துக்கு ரெண்டரை. 'காம்போசிஷன்' திட்டத்துல இருக்கிற சின்ன ஓட்டல்காரன் உன்கிட்ட வரின்னு தனியா ஒரு பைசா வாங்கக் கூடாது. வரிக் கணக்கு ஓட்டல்காரனுக்கே குழப்பம்தான், அதையும் சொல்லணும். 2024 செப்டம்பர்ல கோயம்புத்தூர் ஓட்டல்காரர் ஒருத்தர், பன்னுக்கு வரி இல்ல, உள்ள கிரீம் வச்சா 18 சதவீதமான்னு நிதியமைச்சரை நேருக்கு நேராக் கேட்டார். சபையே சிரிச்சுச்சு. பிறகு அவர் அமைச்சர்கிட்ட மன்னிப்புக் கேட்கிற வீடியோ வந்துச்சு, சிரிப்பு நின்னுருச்சு.

சர்வீஸ் சார்ஜ்னு பத்து சதவீதம் தனியாப் போட்டிருந்தா, அது வேற கதை. பில்லுல தானாச் சேர்க்கக் கூடாதுன்னு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில சொல்லிருச்சு. ஓட்டல் சங்கக்காரங்க டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2025 மார்ச் 28-ல கோர்ட்டும் ஆணையம் சொன்னது சரிதான்னுருச்சு. அவங்க அதுக்கு மேல அப்பீலுக்குப் போனாங்க. சேவை செஞ்சா நீயா விரும்பிக் கொடுக்கிறது டிப்ஸு. உன் டேபிளுக்குச் சேவையே வரல, அதுக்கு என்ன சார்ஜ்? தண்ணி பாட்டில் விஷயத்துல மட்டும் உன் வாயை அடைச்சுருவாங்க. உட்கார வச்சு, பரிமாறி, ஏ.சி. போட்டுக் கொடுக்கிற ஓட்டல்ல பாட்டில்ல அச்சடிச்ச விலைக்கு மேல வாங்கலாம்னு உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பர்ல சொல்லியிருக்கு. அதனால உட்கார்ந்ததும், "குடிக்கச் சாதாத் தண்ணி கொண்டு வாப்பா"ன்னு முதல்ல அதைக் கேளு. அதை முகம் சுளிக்காமக் கொண்டு வந்தான்னா மிச்சத்தை ஆர்டர் பண்ணு. முகம் சுளிச்சா எந்திரி. ஒரு ரூபா செலவில்லாத பரீட்சை இது. என் வயசுல இருபது ஓட்டலைத் தண்ணியிலேயே பெயிலாக்கியிருக்கேன்.

எந்திரிக்கிறதுக்கு வெக்கப்படாத. நமக்கு அதுதான் பெரிய வியாதி. உட்கார்ந்துட்டோமே, டம்ளர் வச்சுட்டானே, பக்கத்து டேபிள்காரன் என்ன நினைப்பான்னு கூச்சப்பட்டே பாதி ஓட்டல் பிழைக்குது. பக்கத்து டேபிள்காரன் நீ எந்திரிக்க மாட்டியான்னுதான் பார்த்துக்கிட்டிருப்பான். நீ எந்திரிச்சா அவனும் எந்திரிச்சிருவான்.

என்ன சிரிக்கிற? உன் அத்தை வச்ச குழம்பை நான் இப்படி முதல் வாய்லேயே சொல்லியிருக்கேனான்னு பார்க்கிற. சத்தமாக் கேக்காத, உள்ளதான் இருக்கா. அது வேற சட்டம். அங்க எதிர்த்தரப்பும் நீதிபதியும் ஒரே ஆளு, அப்பீலும் கிடையாது. நாப்பது வருஷமா சூப்பர்னு சொல்லித்தான் இந்தத் திண்ணையில உட்கார்ந்திருக்கேன். நீ அந்தப் பழக்கத்தை வீட்டுல இருந்து எடுத்துட்டுப் போய் ஓட்டல்ல செலவழிச்சதுதான் தப்பு.

நாளைக்குத் திரும்பிப் போறப்ப புளியோதரை கட்டித் தாரேன்னு உன் அத்தை சொல்லியிருக்கா. சேலம் வரைக்கும் தாங்கும். அதைத் தாண்டிப் பசிச்சா பைபாஸ்ல நிக்காத. ஊருக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் போ, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, பேங்க் ஆளுகளும் கோர்ட்டு குமாஸ்தாக்களும் சாப்பிடுற மெஸ் ஒண்ணு எந்த ஊர்லயும் இருக்கும். பெட்ரோல் கொஞ்சம் கூடத்தான் ஆகும். அங்கேயும் குழம்பு ஊசிப் போயிருந்துச்சுன்னா, பையனை விட்டுரு, கல்லாவுக்குப் போய்ச் சொல்லு. நல்லா இருந்தாலும் கல்லாவுல நின்னு சொல்லிட்டுப் போ, அந்த மாஸ்டர் காதுலயும் விழட்டும். பில்லை மட்டும் மறக்காம வாங்கிச் சட்டைப் பையில வச்சுக்கோ.